ஒவ்வாத உயிர்மருந்து

மாட்டுங்காவில் காலை உலாவச் செல்லும் முதியோரின் பேச்சிலும், செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் வாயிலில் சந்தித்துக்கொள்ளும் அன்பர்களின் நலவிசாரணையிலும் நீரிழிவுக்கு ஓர் இடம் உண்டு. அரிசிச் சோற்றைக் குறைத்தவர், கேழ்வரகுக்கு மாறியவர், ஊசிக்கு அஞ்சியவர் எனப் பலரை நாம் அறிவோம். ஆனால், நோயைத் தடுக்க வந்த இன்சுலினையே உடல் ஏற்க மறுக்குமானால் என்செய்வது? இவ்வினா எங்கள் குடும்பத்தில் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடை பிறர்க்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

என் தங்கையின் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்து, தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் குடியிருக்கிறது. அவள் கணவர் தோற்பை தைக்கும் தொழிலாளி. அவர்களின் மூத்த மகனுக்குப் பதினோராம் வயதில் நீரிழிவின் முதல் வகை கண்டது. இவ்வகையில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடலின் காப்பாற்றலே அழித்துவிடுகிறது. மாத்திரைகள் இன்சுலினுக்கு ஈடாகமாட்டா. நாள்தோறும் ஊசியே உயிர்.

ஊசி தொடங்கிய இரண்டாம் திங்களில், குத்திய இடம் சிவந்து தடித்தது. அரிப்பால் பிள்ளை உறங்கவில்லை. சில நாட்களில் கழுத்திலும் கைகளிலும் தடிப்புகள் எழுந்தன. “மாமா, மருந்தே இப்படிப் பண்ணுதே, இனிப் போட வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லுங்க” என்று அவன் என்னிடம் கெஞ்சினான். ஊரிலிருந்து வந்திருந்த ஆச்சியும், அண்டை வீட்டாரும், ஒவ்வாத மருந்தை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து கொடுக்கலாம் என்றனர். அனைவரும் அன்பினாலேயே சொன்னார்கள். ஆயினும், முதல் வகை நோயாளி இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களிலேயே குருதியில் அமிலம் மிகுந்து உயிர்க்கே இறுதி வரக்கூடும். ஒவ்வாமை முற்றி, உதடு வீங்கி மூச்சுத் திணறினால் அதுவும் உயிரைக் கொள்ளும். என் தங்கை இருதலைக் கொள்ளி எறும்பானாள்.

இத்தகைய இடர் இன்சுலினோடு உடன்பிறந்தது எனலாம். 1922 சனவரி 11 அன்று, கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அம்மருந்து செலுத்தப்பட்டது. பாண்டிங், பெஸ்டு ஆகியோர் வடித்த அச்சாற்றில் மாசு மிகுந்திருந்தமையால் ஊசியிட்ட இடம் புண்பட்டது, பயனும் சிறிதே. அவர்கள் மனந்தளரவில்லை. காலிப் என்னும் வேதியியலறிஞர் அதனைத் தூய்மைப்படுத்தினார். சனவரி 23 அன்று மீண்டும் செலுத்தியபோது பையன் தேறினான். மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். மருந்தைக் கைவிடாமல் மாசை நீக்கியதே அங்குக் கிடைத்த வெற்றி.

பல்லாண்டுகள் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்துமே இன்சுலின் எடுக்கப்பட்டது. மனித இன்சுலினிலிருந்து மாட்டினுடையது மூன்று அமினோ அமிலங்களாலும், பன்றியினுடையது ஒன்றாலும் வேறுபடும். ஆதலின் அக்காலத்தில் ஒவ்வாமை மிகுதியாகக் காணப்பட்டது. 1970களில் தூய்மைமுறைகள் வளர்ந்தன. 1982இல் நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கப்பட்ட மனித இன்சுலின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன்பின் ஒவ்வாமை அருகியது. எனினும் அறவே ஒழியவில்லை. ஏனெனில், குப்பியில் இருப்பது இன்சுலின் மட்டுமன்று. மெதுவாகக் கரைந்து நெடுநேரம் செயற்படுவதற்காகச் சிலவற்றில் மீனிலிருந்து எடுக்கப்படும் புரோட்டமின் என்னும் புரதம் சேர்க்கப்படுகிறது. துத்தநாகமும், கெடாமல் காக்கும் மெட்டாகிரெசாலும் உண்டு. இவற்றுள் எதுவும் ஒருவர்க்கு ஒவ்வாததாகலாம்.

எங்கள் பிள்ளையைப் பார்த்த மருத்துவர் மருந்தை உடனே குறைகூறவில்லை. ஊசி போடும் முறையை முதலில் தம் கண்ணெதிரே செய்துகாட்டச் சொன்னார். தோலுக்கடியிற் செல்லாமல் தோலிலேயே மருந்து தங்கினாலும், துடைத்த சாராயம் உலருமுன் குத்தினாலும் எரிச்சலும் தடிப்பும் தோன்றுமாம். அம்முறையிற் பிழையில்லை என்று கண்டபின், மருத்துவமனையிலேயே வைத்து, வெவ்வேறு இன்சுலின்களையும் சேர்பொருள்களையும் மிகச் சிறிய அளவில் தோலிற் செலுத்திச் சோதித்தனர். புரோட்டமின் கலந்தவை மட்டுமே தடிப்பை உண்டாக்கின. அப்புரதம் இல்லாத நெடுநேர இன்சுலினுக்கு மாற்றினர். சில வாரங்களில் தடிப்புகள் அடங்கின. புதிய மருந்தின் விலை மிகுதி. என் மைத்துனர் இரவிலும் தையல் எந்திரத்தின் முன் அமர்கிறார்.

இன்சுலினே ஒவ்வாதவர்க்கும் வழி உண்டு. ஒவ்வாமை அடக்கும் மாத்திரைகள் தருவர். வேறுவகை இன்சுலினுக்கு மாற்றுவர். அவை போதாவிடில், மருத்துவர் கண்காணிப்பில், மிகமிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, உடலை அம்மருந்துக்குப் பழக்குவர். சிலருக்குச் சிறு பொறி ஒன்றின்மூலம் இடையறாது சிறிது சிறிதாகச் செலுத்துவதும் பயன்தரும். பெரியவர்க்கு வரும் இரண்டாம் வகையிலோ, மெட்பார்மின் போன்ற மாத்திரைகளும் இன்சுலின் அல்லாத பிற ஊசிகளும் உண்டு. அவற்றால் இன்சுலினைத் தவிர்க்க இயலுமா என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். 1966இல் முதன்முதல் நிகழ்ந்த கணைய மாற்று, வாழ்நாளெல்லாம் வேறு கடுமருந்துகளை உண்ணச்செய்வதால், மிக அரிதாகவே மேற்கொள்ளப்படுவது.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அமையாமல், அருகிருந்து பணிபுரிவோரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணினார். இந்நகரில் அந்நான்காமவரின் பணி பெரிது. என் தங்கைக்குத் தமிழன்றி வேறு மொழி வாராது. மருத்துவர்க்கோ மராத்தியும் இந்தியும் ஆங்கிலமுமே தெரியும். தடிப்பு எப்போது எழுந்தது, எத்தனை நாழிகை நின்றது என்பதை எடுத்துரைக்க ஒரு நா வேண்டியிருந்தது. எனக்கு அந்நாவாகும் வாய்ப்புக் கிட்டியது. துணையற்ற தாயர் எத்தனை பேர் மருத்துவமனை வரிசைகளில் வாய்திறவாது நிற்கின்றனரோ!

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். ஊசி ஒவ்வாதபோது தாமாக நிறுத்தாதீர்கள். அக்குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ நொடியும் தாழ்க்காதீர்கள். நம் சங்கங்களும், இலக்கியம் பேசும் நேரத்தில் ஒரு சிறுபகுதியை இதற்கென ஒதுக்கி, மொழியறியாத ஒரு தாயுடன் மருத்துவமனைக்குச் செல்லும் இளைஞர் சிலரை ஆயத்தம் செய்யுமாயின், அதுவும் தமிழ்த்தொண்டே ஆகும்.