அரை சதவீதம்

அம்மா மியூனிக் வந்து மூன்றாம் நாள். பால்கனியில் துணி காயப்போடப் போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் கிரேட்டைப் பார்த்தபடி நின்றிருந்தாள். இருபது பழுப்புப் பாட்டில்கள். பதினொன்று காலி, ஒன்பது முழுசு. எண்ணியிருப்பாள். எங்கள் வீட்டில் பாட்டில் எண்ணத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது.

“இதுல சாராயம் இல்லம்மா” என்றேன்.

அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள். பதில் சொல்லவில்லை.

அப்பா 51 வயதில் கல்லீரல் சுருங்கிச் செத்துப்போனார். 2003இல் அரசாங்கமே மதுக்கடை நடத்த ஆரம்பித்தபோது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர்க் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வந்தது. அதனால்தான் அவர் குடித்தார் என்று சொல்ல மாட்டேன், அதற்கு முன்னாலும் குடித்தார். கடை பக்கத்தில் வந்ததில் நடை மிச்சமானது, அவ்வளவுதான். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் தொடவே மாட்டான் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். முதுகலை படிக்க இங்கே வந்த முதல் கோடையிலேயே தொட்டுவிட்டேன்.

ஊரில் நான் பார்த்த குடி வேறு. சுவரைப் பார்த்து நின்று, பிளாஸ்டிக் டம்ளரில் ஒரே மடக்கு, மாங்காய்த் துண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நடை. இங்கே செஸ்ட்நட் மரத்தடியில் நீள பெஞ்சு. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாம், குடிப்பதை மட்டும் அங்கே வாங்கினால் போதும். பக்கத்து மேசையில் தாத்தா, பேத்தி, காலடியில் நாய். இதற்கும் அப்பாவின் டம்ளருக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்தேன். ஆறு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை. கல்லீரல் சம்பந்தப்பட்ட ஓர் எண் எல்லையைத் தாண்டியிருந்தது. டாக்டர் பதறவில்லை. குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். நிறுத்தச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். குறைப்பது எப்படி என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

முதலில் ஆல்கஹால் குறைந்த வகைகளைப் பிடித்தேன். வழக்கமான கோதுமை பீரில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். ‘லைஷ்ட்டஸ்’ என்று எழுதியதில் மூன்று பக்கம். பீரையும் எலுமிச்சை சோடாவையும் பாதிக்குப் பாதி கலந்த ராட்லரில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘இது லைட்தானே’ என்று ஒன்றுக்கு இரண்டாக வாங்கினேன், மூன்றாக வாங்கினேன். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் உள்ளே போன ஆல்கஹால் பழைய அளவேதான். சமரசம் செய்துகொள்ளத் தெரிந்தவர்களுக்கு ராட்லர் நல்ல பானம். நான் அந்த ஜாதி இல்லை.

அதற்குப் பிறகுதான் ‘அல்கொஹோல்ஃப்ரை’ என்று எழுதிய பாட்டில்களைத் தேட ஆரம்பித்தேன். முதல் நாலைந்து மட்டம். புளிக்க மறந்த கூழில் வெல்லத்தைக் கரைத்த மாதிரி ஒரு தித்திப்பு, குடித்து முடித்தபின் நாக்கில் ஊறவைத்த தானிய வாடை. பெயர் வேண்டாம். ஏன் இப்படி என்று படித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. ஆல்கஹால் இல்லாத பீருக்கு இரண்டு வழி. ஒன்று, ஈஸ்ட் வேலையைத் தொடங்கியதுமே குளிர வைத்து நிறுத்திவிடுவது. சர்க்கரை புளிக்காமல் தங்கிவிடும், அதுதான் அந்தக் கூழ் ருசி. மால்ட் சர்க்கரையைத் தொடாத தனி ஈஸ்ட்டைப் போட்டும் இதைச் செய்கிறார்கள். இன்னொன்று, பீரை முழுதாகக் காய்ச்சிவிட்டு ஆல்கஹாலை மட்டும் வெளியே எடுப்பது. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், அந்தச் சூட்டில் பீர் கெட்டுப்போகும். அதனால் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். 40 டிகிரி பக்கத்திலேயே ஆவியாகிவிடும். சிக்கல் என்னவென்றால் வாசனையும் கூடவே கிளம்பிவிடும். ஆளைப் பிடித்து வெளியே தள்ளும்போது அவன் வேட்டியோடு வீட்டுத் திரைச்சீலையும் சேர்ந்து போகிற கதை.

இது புது மோகமும் இல்லை. கிழக்கு ஜெர்மனியில் வண்டி ஓட்டுபவர் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அங்கே 1972இல் ‘ஆவ்பி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ‘வண்டியோட்டி பீர்’ என்பதன் சுருக்கம். மேற்கில் 1979இல் ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து கிளவுஸ்தாலர் வந்தது, இன்றும் கிடைக்கிறது.

எனக்குத் தேறியவை முக்கியமாகக் கோதுமை பீர்கள். அந்த வகைக்கே வாழைப்பழமும் கிராம்பும் கலந்த ஒரு வாசனை உண்டு, ஈஸ்ட் தருவது. கலங்கலான உடம்பு வேறு. எடுத்த ஆல்கஹாலின் இடத்தை அது இரண்டும் ஓரளவு நிரப்பிவிடுகின்றன. எர்டிங்கரை இங்கே ஓட்டப்பந்தயம் முடிந்த இடத்தில் நீட்டுவார்கள், வியர்வையோடு குடித்தால் அதற்கு இணை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து குடிக்க எனக்குப் பவுலானர். கசப்பு வேண்டும் என்றால் வடக்குப் பக்கத்து யேவர் ஃபன். வேப்பம்பூ ரசம் பிடிக்கிறவர்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். உயரமான கிளாஸைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். கடைசி இரண்டு விரல் அளவு இருக்கும்போது பாட்டிலை உருட்டி, அடியில் தங்கிய ஈஸ்ட்டைக் கலக்கி மேலே விட வேண்டும். நுரை ஏறும். இந்த ஊற்றுகிற வேலையில் பாதி ஆசை தீர்ந்துவிடுகிறது என்பது நான் எதிர்பார்க்காதது.

இன்னொன்றும் தீர்ந்தது. முன்பெல்லாம் ஆப்பிள் ஜூஸ் வாங்கி உட்கார்ந்தால் மேசையில் யாராவது கேட்பார்கள், என்ன, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று. அந்த உயரக் கிளாஸ் கையில் இருந்தால் ஒருவரும் கேட்பதில்லை. கிளாஸை இடிக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். பார்க்கிறேன். எல்லோரோடும் உட்கார ஒரு இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது போலிருக்கிறது.

ஆனால் அம்மாவிடம் நான் சொன்னது முழு உண்மை இல்லை. ஜெர்மனியில் அரை சதவீதம் வரை இருந்தாலும் ‘ஆல்கஹால் அற்றது’ என்று எழுதலாம். கொஞ்சமும் வேண்டாம் என்பவர்கள் 0.0 போட்ட பாட்டிலைத்தான் தேட வேண்டும். இந்த அரை சதவீதம் போதை தராது. பத்துப் பாட்டில் குடித்தால்தான் ஒரு பாட்டில் பீருக்கு ஈடு, அதற்குள் வயிறு வெடித்துவிடும். கனிந்த வாழைப்பழத்திலும் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு. ஆனால் குடிக்கு அடிமையாகி மீண்டவர்களுக்கு அளவு மட்டுமே பிரச்சினை இல்லை, அந்த வாசனையும் நுரையுமே பழைய இடத்துக்கு இழுத்துப் போகக் கூடும். 0.0 பாட்டிலுக்கும் இது பொருந்தும். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த கிளாஸை அவர் முன்னால் வைத்திருக்க மாட்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பாட்டிலைத் திறந்து அம்மா பக்கம் நீட்டினேன். மோந்து பார்க்கச் சொன்னேன். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. நிரூபிக்க நினைத்திருப்பேன்.

மோந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

“இதத்தான் உங்கப்பாவும் சொன்னாரு. பீருல ஒண்ணும் இல்ல புள்ள, வெறும் பார்லித் தண்ணின்னு. நீ பொறக்கறதுக்கு முந்தி.”

எனக்குத் தெரிந்த அப்பா பிராந்திக்காரர். குவார்ட்டர். பீரில் ஆரம்பித்தார் என்று அன்றுதான் தெரியும்.

லேபிளைப் படித்துக் காட்டினேன். காற்றை உறிஞ்சுவது, 40 டிகிரி, எல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். மறுநாள் காலை கிரேட்டைத் தூக்கிக் கீழே நிலவறையில் வைக்கப் போனேன், அவள் ஊருக்குத் திரும்பும் வரையாவது கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. வாசலில் மறித்தாள்.

“அங்கயே வையி. அவரு ஒளிச்சு வைக்க ஆரம்பிச்ச பெறகுதான்டா எனக்குப் பயமே வந்துச்சு.”

வைத்தேன். அதன்பிறகு நான் அவள் எதிரிலேயே குடித்தேன், அவள் எதிரிலேயே காலிப் பாட்டிலை கிரேட்டில் சொருகினேன். எண்ணுகிறாள் என்று தெரியும். எண்ணட்டும்.

இருபதும் காலியானதும் கடைக்கு அவளும் கூட வந்தாள். கிரேட்டை இயந்திரத்தின் வாயில் வைத்தேன். உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு சீட்டைத் துப்பியது. பாட்டிலுக்கு எட்டு சென்ட், கிரேட்டுக்கு ஒன்றரை யூரோ, மொத்தம் 3.10. நம்ம ஊர் காசுக்கு எவ்வளவு என்றாள். முந்நூறு கிட்ட வரும் என்றேன்.

“காலிப் பாட்டிலுக்கா?”

அப்பாவின் பாட்டில்களைச் சாக்கில் கட்டி, பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதற்கு விடிவதற்கு முன்னே போவாள், தெரு பார்க்கக் கூடாது என்று. பாட்டிலுக்கு ஒரு ரூபாய். என் நோட்டுப் புத்தகங்களில் சில அந்தக் காசில் வாங்கியவை. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை என் கையிலிருந்து வாங்கி, கசங்காமல் பிடித்துக்கொண்டு, பில் போடும் வரிசையில் போய் நின்றாள்.