கடற்காற்றும் கடைசி வாரமும்

2004இல் தொடங்கிய மும்பை மாரத்தானில் அரை ஓட்டம் 21 கிலோமீட்டர். மாஹிமில் புறப்பட்டு, சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தருகே முடியும். சென்ற ஆண்டு பாந்திரா–வொர்லி கடற்பாலத்தின்மீது வீசிய எதிர்க்காற்றோடு வீம்புக்கு மல்லாடினோம். பெடர் ரோடு ஏற்றத்தில் கால் ஓய்ந்து நடந்தோம். ஓரத்தில் நின்ற மகன் தலை குனிந்துகொண்டான்.

இவ்வாண்டு கடைசி வாரத்தில் திங்களன்று ஓய்வு. செவ்வாயும் வியாழனும் விடியுமுன் மாதுங்கா ரோடில் சர்ச்கேட் வண்டியேறி, மரைன் டிரைவில் ஐந்தைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடினோம். போகையில் முகத்தில் அறைந்த காற்று திரும்புகையில் முதுகைத் தள்ளிற்று. ஆயினும் பறித்ததை முழுதும் தருவதில்லை. ஆகவே கடிகாரத்தைக் கழற்றிவிட்டு மூச்சையே அளவாகக் கொண்டோம். (கணக்கெழுதிப் பழகிய நமக்கு இது எளிதன்று!) காற்று வலுத்தால் அடியைக் குறுக்குவதும், முன்னோடுபவர் முதுகின் மறைவில் ஒதுங்குவதும் பழகினோம். வெள்ளியன்று ஓட்டமில்லை. சனியிரவு சன்னல் படபடத்தது. இல்லாள் எழுந்து கொக்கியிட்டாள்.

ஞாயிறு இருளிலே கடற்பாலத்தில் அதே காற்று. அகன்ற தோளுடைய அன்பர் ஒருவரின் பின்னே ஒதுங்கினோம்; சிறிது தொலைவுக்குப் பின் நாம் முன்னே சென்று அவருக்கு மறைவளித்தோம். பெடர் ரோடு ஏற்றத்தில் மகன் நம்முடன் பத்தடி ஓடிவந்தான்.