தங்கம் திரும்பி வருமாம்

எந்த ஊரு என்று கேட்டால் தங்கவயல் என்பேன். பாதிப் பேருக்குப் புரியாது. கே.ஜி.எஃப். என்றால் உடனே புரியும். முன்னெல்லாம், "அப்போ உங்க வீட்ல எத்தனை கிலோ இருக்கு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். 2018இல் அந்தக் கன்னடப் படம் வந்த பிறகு, "ராக்கி பாய் ஊரா?" என்கிறார்கள். 2022இல் இரண்டாம் பாகமும் வந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு பையன்கள் கூட்டங்கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். சயனைடு மேட்டில் ஏறிப் படம் பிடிப்பார்கள், துருப்பிடித்த ஷாஃப்டுக்கு முன்னால் நின்று பேசுவார்கள், 'பேய் நகரம்' என்று தலைப்புப் போட்டுவிட்டுப் போவார்கள். மேட்டுக்குக் கீழேயே லைன் வீடுகளில் பொம்பளைங்க தண்ணிக் குடத்தோடு நிற்பது அவர்கள் கண்ணில் படாது. 2011 கணக்கெடுப்பில் 1,60,000 பேருக்கு மேல் இருந்த ஊர் இது. இத்தனை பேரும் பேயா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு எங்கள் ஊர் 'குட்டி இங்கிலாந்து'. பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம், குளிர்ந்த காற்று. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பி இழுத்துக் கரண்டு கொண்டுவந்த ஊர், பெங்களூருக்கே அதற்கப்புறந்தான் வந்தது என்று பெருமையாக எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் எங்க ஆயா சொன்ன எந்தக் கதையிலும் கரண்டு விளக்கு கிடையாது, மண்ணெண்ணெய் விளக்குதான். மூங்கில் தட்டிக் குடிசை, ஒரே அறை, அதில் மூணு ஷிப்டு ஆளும் மாறி மாறிப் படுப்பார்கள். அந்த இங்கிலாந்தின் கக்கூஸை யார் வாரினார்கள் என்று ஏக்கக் கட்டுரை எழுதுகிறவர்களைக் கேட்க வேண்டும். வாளிக் கக்கூஸ் எங்கள் ஊரைவிட்டுச் சீக்கிரம் போய்விடவில்லை. 2011இல்கூட இங்கே மலக்குழியில் இறங்கிய மூன்று பேர் செத்தார்கள். குட்டி இங்கிலாந்தைப் பற்றிய கட்டுரைகளில் அந்த மூன்று பேருக்கு இடமில்லை.

படத்துக்கு வருகிறேன். படத்தில் எங்கள் ஜனங்கள் அடிமைகள். பேசமாட்டார்கள், அடி வாங்குவார்கள், வெளியிலிருந்து ஒருத்தன் வந்து மீட்பான். சினிமாதானே, விடு என்கிறார்கள் நண்பர்கள். சினிமா என்று விட்டால் பரவாயில்லை. இப்போது ஊரைப் பற்றி வெளியாளுக்குத் தெரிந்ததே அதுதான். 2024இல் 'தங்கலான்' வந்தபோது, ஆற்காட்டு மண்ணிலிருந்து போன நம்ம சனங்க தங்கம் தோண்டியதைத் திரையில் பார்த்து எங்கள் லைனில் கிழவர்கள் அழுதார்கள். அதுவும் கதைதான். ஆனால் அதிலே நாங்கள் பேசுகிறோம்.

நடந்தது என்ன? 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியபோது வடாற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் சேரிச் சனங்கள் பஞ்சத்துக்கும் பண்ணைக்கும் தப்பி வந்தார்கள். சுரங்கத்துக்குக் கீழே போனவர்களில் பெரும்பாலோர் பறையர்கள். மேலே வெள்ளைக்காரனும் ஆங்கிலோ இந்தியனும். காவலுக்குப் பஞ்சாபிகள். தங்கம் திருடுவார்கள் என்று இவர்களுக்கென்றே மைசூர் சமஸ்தானம் சட்டம் போட்டது. பூமிக்குள் மூணு கிலோமீட்டருக்கு மேல் இறங்கிப் பாறை உடைத்தவனை, மேலே ஏறி வந்ததும் திருடன் என்று தடவிப் பார்த்தார்கள். கீழே பாறை தானாக வெடித்துச் சிதறும், 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். லைனில் பாத்திரம் உருண்டால் பெண்கள் எல்லாரும் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்களாம். ஆயா அதைச் சொல்லும்போது குரல் ஏறாது, இறங்காது.

ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1930இல் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. நாங்க என்ன கேடியா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. சங்கம் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. 1946 நவம்பரில் போலீஸ் சுட்டு ஆறு தொழிலாளிகள் செத்தார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1907இல், மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் வைத்துவிட்டார்கள். பண்டிதர் அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. அப்பாதுரையார் இங்கிருந்துதான் எழுதினார். அம்பேத்கர் 1954இல் இங்கே வந்து போனார். நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது இதில் ஒரு வரிகூடப் பாடத்தில் இல்லை. என் தெருவில் அச்சான புத்தகத்தை வேறு ஊர் நூலகத்தில் தேடிப் படித்தேன். இப்படிப்பட்ட சனத்தைத்தான் வாயில்லாத கூட்டமாகக் காட்டி ஆயிரம் கோடி சம்பாதித்தார்கள்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. எனக்குப் பன்னிரண்டு வயசு. நூற்றியிருபது வருஷத்தில் 800 டன் தங்கம் எடுத்திருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். தோண்டத் தோண்ட ஆழம் கூடியது, கல்லில் தங்கம் குறைந்தது. கடைசியில் ஒரு டன் கல்லை உடைத்தால் மூணு நாலு கிராம். எடுக்கிற செலவு விற்கிற விலையைப்போலப் பல மடங்கு. கணக்குப்படி பார்த்தால் மூடியதில் தப்புச் சொல்ல முடியாது என்றுதான் இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் பலருக்குக் கோபம் வரும். ஆனால் சுரங்கத்தை மூடியதும் ஊரையும் சேர்த்து மூடிவிட்டதாக நினைத்தார்களே, அதுதான் தப்பு. பம்பு நின்றது, ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது. ஆஸ்பத்திரி களையிழந்தது. ஷிப்டுச் சங்கு நின்றதால் எந்நேரம் சோறு வைப்பது என்று தெரியாமல் அம்மா கொஞ்ச நாள் தடுமாறினாள். நைனா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

ஊர் செத்துவிட்டது என்கிறவர்கள் விடியற்காலை மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். இருட்டு கலைவதற்குள் வண்டி நிரம்பும். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுவார்கள். பங்காருப்பேட்டைக்கு வரும்போது கால் வைக்க இடம் இருக்காது. நூறு கிலோமீட்டர் போய் பெங்களூரில் இறங்கி மாடி கட்டுவார்கள், துணிக்கடையில் நிற்பார்கள், வாட்ச்மேன் வேலை, கம்ப்யூட்டர் வேலை, ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை. ராத்திரி திரும்ப வருவார்கள். ஒரு நாளைக்கு நாலு அஞ்சு மணி நேரம் வண்டியிலேயே போகிறது. பூ கட்டுவதும் சீட்டாடுவதும் பிள்ளைங்க பரீட்சைக்குப் படிப்பதும் அதிலேதான். எங்கள் பெட்டியில் ஒரு அக்கா இருந்தாள். நின்றுகொண்டே தூங்குவாள், அவள் இறங்க வேண்டிய இடம் வந்ததும் யாராவது தட்டி எழுப்புவார்கள். இந்த ஊரை இத்தனை வருஷமாகக் காப்பாற்றியது அந்த வண்டிதான். எந்த மறுவாழ்வுத் திட்டமும் இல்லை. புனரமைப்பு பற்றிய கூட்டங்களில் கூடுதலாக ரெண்டு பெட்டி கேட்டால், அது ரயில்வே விஷயம் என்பார்கள்.

எங்கள் பள்ளத்தை வெளியிலிருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது 2012இல் நன்றாகத் தெரிந்தது. கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, அணுக்கழிவைக் கோலார் சுரங்கத்தில் வைக்கலாம் என்று அரசுத் தரப்பிலிருந்து பேச்சு வந்தது. ஊரே தெருவுக்கு வந்தது. அப்புறம் அப்படியெல்லாம் திட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இல்லாமலே போகட்டும். ஆனால் அந்த யோசனை எப்படி வந்தது? காலிக் குழி இருக்கிறது, மேலே கேட்க நாதி இல்லாத ஆள் இருக்கிறான். பெங்களூர்க் குப்பையை இங்கே கொட்டலாம் என்ற பேச்சும் இதே புத்தியில்தான் வந்தது. சேரிக்குப் பக்கத்தில் சுடுகாட்டையும் குப்பைமேட்டையும் வைக்கிற அந்தப் பழைய ஊர்ப்புத்தி ஒரு நகரத்தின் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு நாங்கள் கர்நாடகாக்காரர்கள், கர்நாடகாவுக்குத் தமிழர்கள். பறையர்கள் என்பது மட்டும் ரெண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது தங்கம் திரும்பி வருமாம். 2013இல் உச்ச நீதிமன்றம் டெண்டர் விடலாம் என்றபோதே ஊரில் பட்டாசு வெடித்தார்கள். எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் சுரங்கத்தைத் திறப்போம் என்று ஒருத்தராவது மேடையில் சொல்லாமல் இருந்ததில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள். "கீழ இன்னும் கீது கண்ணு. எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். அந்த லெவல்ல நாங்க விட்டுட்டு வந்தோம்" என்பார்கள். ஒவ்வொருத்தர் மனசிலும் ஒரு வரைபடம் இருக்கிறது. நான் அதைக் கேலி பண்ணமாட்டேன். முப்பது வருஷம் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டவனுக்கு, அந்த வேலைக்கு இன்னும் மதிப்பிருக்கிறது என்று நம்பத்தான் தோன்றும். இளசுகள் நம்புவதில்லை. அவர்கள் வண்டி நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் வரப்போவது அந்தச் சுரங்கம் இல்லை. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது மேலே கிடக்கும் கழிவு மேடுகளுக்குத்தான். பதின்மூன்று மேடு, 3 கோடியே 30 லட்சம் டன் மண். கல்லை மாவாக அரைத்துச் சயனைடில் கரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய சக்கை அது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. 2001இல் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இன்றைக்குத் தங்கம் விற்கிற விலையில் அதுவும் லாபம். இதற்கு ஷாஃப்டில் இறங்கத் தெரிந்த ஆள் வேண்டாம். மண்ணை அள்ள மெஷின், கழுவ டாங்கி, கொஞ்சம் ஆள். அத்தனை பேரின் மகனுக்கும் மகளுக்கும் இதில் வேலை எங்கே இருக்கிறது? இதை மேடையில் யாரும் சொல்வதில்லை. தங்கம் என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் கூட்டம் கை தட்டிவிடுகிறது.

அந்த மேட்டு மண் எங்களுக்குப் புதுசில்லை. ஆடிக்காற்றில் பறந்து வந்து சோற்றில் விழும், காயப்போட்ட துணியில் ஒட்டும். சின்னப் பிள்ளைங்க அதில் சறுக்கி விளையாடியிருக்கிறோம். மேட்டைக் கிளறினால் தூசு எவ்வளவு எழும்பும், கழுவ எங்கிருந்து தண்ணீர், கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று லைனில் ஒரு கூட்டம் போட்டபோது பெண்கள்தான் கேட்டார்கள். ஆண்கள் வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி கடைசியாகக் கேட்டது இது: "மேட்டை எடுத்தாச்சுன்னா எங்க வீட்டையும் எடுப்பாங்களா?"

கேள்வி அங்கேதான் இருக்கிறது. நான்கு தலைமுறையாக இருக்கிற வீடு, ஆனால் மண் எங்கள் பேரில் இல்லை. சுரங்கத்துக்காகக் கொடுத்த இடம். லைன் வீட்டுக்கு உரிமைப் பத்திரமும் பாக்கித் தொகையும் கேட்டு 2001க்குப் பிறகு எத்தனையோ உண்ணாவிரதம், ஊர்வலம் நடந்துவிட்டது. தங்கம் திரும்பினால் நிலத்துக்கு விலை ஏறும். விலை ஏறும்போது பத்திரம் இல்லாதவன் முதலில் வெளியே போவான். பெங்களூரில் எத்தனை சேரிகள் இப்படிப் போயின என்று அந்த வண்டியில் போகிற எல்லாருக்கும் தெரியும். அவர்களே போய் அந்த இடத்தில் மாடி கட்டியிருக்கிறார்கள். ஆகவே ஏலத்துக்கு முன்னால் பத்திரம் என்று கேட்கிறோம். இதைக் கேட்டால் வளர்ச்சிக்கு எதிரி என்று எங்கள் ஆட்களே திட்டுகிறார்கள். திட்டட்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் வீடு வீடாகப் போய்க் காகிதம் பார்க்கிறோம். மற்ற நாளில் ஆள் இருக்கமாட்டார்கள், வண்டியில் இருப்பார்கள். கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுக்கிறார்கள். தாத்தாவின் டிக்கெட் நம்பர் போட்ட அட்டை, பி.எஃப். சீட்டு, பழைய லைட்டு பில், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு. ஒரு வீட்டில் வில்லை ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள், சாமிப் படத்துக்குப் பின்னால். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறோம். இதுவரைக்கும் ரெண்டு லைன் முடிந்திருக்கிறது.