செல்லு ஏறல, தம்பி

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் எச்.ஐ.வி. பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு கல்லூரி மாணவர் கேட்டார்: "மாத்திரை எல்லாருக்கும் இலவசம். ஒரே மாத்திரை, ஒரே மையம், ஒரே வரிசை. இதுல சாதி எங்க வருது தோழர்?" கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தீண்டாமை, புறக்கணிப்பு என்று பொதுவாக ஏதோ சொல்லி முடித்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அக்காவின் ஞாபகம் வந்தது. அவரைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஊரும் பேரும் இருக்காது. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எம்.ஏ. சமூகவியல் முடித்த கையோடு, ஏ.ஆர்.டி. மையம் ஒன்றோடு சேர்ந்து வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். கூட்டு மருந்து சிகிச்சை வாங்க மாதாமாதம் வருகிறவர்கள் மாத்திரை டப்பாவையும் கொண்டுவருவார்கள். மீதி எத்தனை என்று எண்ணிப் பார்த்து, ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கணக்குப் போடுவோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிடி4 பரிசோதனை. எச்.ஐ.வி. வைரஸ் குறிவைத்து அழிக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை அது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை இருக்கிறது என்பதை வைத்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கணிப்பார்கள். நல்ல உடம்பில் 500க்கு மேல் இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் அதை 'செல்லு' என்பார்கள். பிள்ளைகளின் பரீட்சை மார்க்கை விசாரிப்பது போல, "உனக்குச் செல்லு எவ்ளோ?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அக்கா ஒரு பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். 2009இல் மாத்திரை தொடங்கியபோது அவருடைய எண் 61. அடுத்த வருடமே 148. அதன் பிறகு 190, 212, 205, 221. அங்கேயே நின்றுவிட்டது. டப்பாக் கணக்கு எப்போதும் சரியாக இருந்தது. எனக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. மாத்திரையைக் கொட்டிவிட்டு வருகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் நான்கு பேர் உட்கார்ந்திருந்த அறையில் வைத்தே கேட்டேன், "உண்மையச் சொல்லுங்க அக்கா, ஒழுங்கா போடுறீங்களா?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மொத மாத்திரையப் போட்டுட்டுத்தான் குப்ப வண்டியத் தள்றேன். செல்லு ஏறல தம்பி, நான் என்னா பண்றது?"

நான் நம்பவில்லை. என் குறிப்பேட்டில் 'சந்தேகத்துக்குரியது' என்று எழுதினேன். கையெழுத்து உட்பட அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்போது வைரஸ் அளவைப் பார்க்கும் 'வைரல் லோடு' பரிசோதனை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யப்படவில்லை. 2018க்குப் பிறகுதான் அது பரவலானது. அக்காவின் முடிவு வந்தபோது தாளில் இருந்தது, ரத்தத்தில் வைரஸ் கண்டறியப்படவில்லை என்று. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியவருக்குத்தான் அப்படி வரும். ஆக, பொய் சொன்னது அவரில்லை. எனக்குத்தான் பாடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் மருத்துவர்களைத் துருவித் துருவிக் கேட்டேன். சிகிச்சை செய்வது ஒரே ஒரு வேலை, வைரஸ் பெருகுவதை நிறுத்துவது. அணுக்களை அது உண்டாக்கித் தராது. உடம்புதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஏரிக்கரையில் விழுந்த உடைப்பை அடைத்துவிடலாம். வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் ஏரி நிரம்புமா? மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் எண் மளமளவென்று ஏறும். நிணநீர்க் கணுக்களுக்குள் ஒதுங்கியிருந்த பழைய அணுக்கள் ரத்தத்துக்குத் திரும்புவதும் அதற்கு ஒரு காரணம். அதன் பிறகு புதிய அணுக்கள் வர வேண்டும். அவை பக்குவப்படும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. வயது ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே போகும். வைரஸ் பல வருடம் கேட்பாரற்றுப் பெருகியிருந்தால் நிணநீர்க் கணுக்களில் தழும்பு விழுந்துவிடும், அணுக்கள் தங்கி வளர இடம் குறையும். குடலின் சுவரை ஒட்டிய சிடி4 அணுக்கள்தான் நோயின் தொடக்கத்திலேயே அதிகம் அழிகின்றன. அந்தச் சேதம் முழுசாகச் சரியாவதில்லை. குடலிலிருந்து கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, உடம்பு ஓயாத ஓர் அழற்சியிலேயே இருக்கும். வைரஸ் அடங்கியிருந்தாலும் இதய நோய் போன்றவை இவர்களுக்குச் சீக்கிரம் வர அதுவும் ஒரு காரணம்.

எண் எவ்வளவு தூரம் திரும்பி ஏறும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, எவ்வளவு கீழே போன பிறகு சிகிச்சை தொடங்கியது என்பதுதான். 400இல் தொடங்கியவர் சில வருடங்களில் 700ஐத் தொடலாம். 61இல் தொடங்கியவர் பத்து வருடம் ஒரு வேளை தவறாமல் போட்டாலும் 250ஐத் தாண்டாமல் போகலாம்.

அப்படியானால் அக்கா ஏன் 61இல் வந்து சேர்ந்தார்?

அவர் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அதற்குப் பதில் இருந்தது. இத்தனை வருடம் நான் பார்க்காமல் புரட்டிய பக்கம். 2006இல் கணவர் இறந்த கையோடு அக்காவுக்கும் பரிசோதனை செய்திருக்கிறார்கள். அன்று அவருடைய சிடி4 312.

இந்தியாவில் அரசின் இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு மையங்களில் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றில் ஒன்று. அன்றைய விதி, வேறு நோய்க்குறி இல்லாதவருக்கு 200க்குக் கீழே போனால்தான் மாத்திரை. 312 இருந்தவரிடம், "இப்ப வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். இதை யாரோ ஒருவரின் வன்மம் என்று சொல்ல மாட்டேன். மருந்து குறைவு. அன்று கொடுத்த ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்டிப்போக வைத்தது, காலை எரிய வைத்தது. உலக அளவிலும் காத்திருக்கும் வழக்கம்தான் இருந்தது. பிறகு வரம்பு 350 ஆனது. உடனே தொடங்குவதே நல்லது என்று 'ஸ்டார்ட்' ஆய்வு 2015இல் சந்தேகமில்லாமல் காட்டியது. எண் எதுவானாலும் எல்லோருக்கும் சிகிச்சை என்று இந்தியா அறிவித்தது 2017இல்.

ஆனால் 'காத்திரு' என்ற விதி, காத்திருக்க முடிந்த ஓர் ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டது. அப்போது எங்கள் மாவட்டத்தில் ஏ.ஆர்.டி. மையம் இல்லை. பக்கத்து மாவட்டத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போனால் ஒருநாள் கூலி போச்சு. வீட்டில் சாவுக் கடன், இரண்டு பிள்ளைகள். கையில் காசிருந்தவர்கள் தனியார் மருத்துவரிடம் போய் முன்கூட்டியே மருந்து தொடங்கிக்கொள்ள முடிந்தது. அக்கா ஒரே ஒரு முறை போனார், அப்புறம் போகவில்லை. இருமல் வந்தபோது பக்கத்து ஊர் ஊசி டாக்டரிடம் மாதக்கணக்கில் காட்டினார். அவர் காலனி ஆட்களை உள்ளே கூப்பிட மாட்டார், ஜன்னல் வழியாகத்தான் மாத்திரை தருவார். "அது நோவுக்கா சாதிக்கான்னு எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி? ரெண்டுக்கும் ஒரே தூரத்துலதான் நிப்பாங்க" என்றார் அக்கா. எம்.ஏ.வில் கோஃப்மனுக்கு ஒரு செமஸ்டர் செலவழித்தவன் நான். இதைக் குறிப்பெடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

மூன்று வருடம் கழித்து, காசநோயோடு தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். 61. இடைப்பட்ட மூன்று வருடத்துக்குப் பதிவேட்டில் எழுதியிருந்தது 'தொடர்பு விட்டுப்போனவர்'. விட்டுப்போனது யார் என்று அந்தப் பதிவேட்டில் எழுத இடமில்லை. நான் நிரப்பிய படிவங்கள் எதிலும் சாதிக்கும் கட்டம் இல்லை. இருக்க வேண்டும் என்று அவசரப்பட்டுச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. ஏற்கெனவே ரகசியம் காக்கப் போராடும் ஜனங்கள், இன்னொரு அடையாளத்தையும் அந்தத் தாளில் ஏற்றுவதா? ஆனால் கட்டம் இல்லாததால், 61இல் வந்தவர்கள் யார், 400இல் வந்தவர்கள் யார் என்று கேட்டால் காட்ட நம்மிடம் கணக்கு கிடையாது. அக்கா மாதிரி ஒரு கதை மட்டும்தான் இருக்கும். அந்த மாணவருக்கு என்னால் தர முடிந்த பதிலும் இவ்வளவுதான்: மாத்திரை ஒன்றுதான். அதன் முன்னால் எந்தத் தேதியில், எந்த எண்ணோடு வந்து நிற்க முடிந்தது என்பது ஒன்றல்ல.

வைரல் லோடு முடிவு வந்தபின் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடு தம்பி, எல்லாரும் அதத்தான் கேட்டாங்க" என்றார். அந்த 'எல்லாரும்' என்னைக் கொஞ்சம்கூட ஆறுதல்படுத்தவில்லை.

இப்போது அவருக்கு எண் 240ஐச் சுற்றி நிற்கிறது. வேலை அதேதான், கையுறை இல்லாமல் குப்பை தரம் பிரிப்பது. ஊசி, உடைந்த பாட்டில், நாப்கின், எல்லாம் கையில்தான். அவருக்கு மட்டும் வேறு வேலை கேட்டு மனு எழுதலாம் என்றேன். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தைச் சொன்னேன், வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது, நிலையை வெளியே சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று. முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு மட்டும் கேட்டா ஏன்னு கேப்பாங்க. எல்லாருக்கும் கேளு."

எல்லாருக்கும் கேட்டோம். முப்பத்தோரு பேர் கையெழுத்து, அதில் பாதி கைநாட்டு. நான்கு மாதம் அலைந்தபின் ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஆண்கள் கைக்குத் தைத்தது. அக்காவின் கையில் அது கழன்று கழன்று விழுகிறது. அடுத்த மனுவில் அளவும் எழுத வேண்டும்.