277 பேரில் அந்த 14 பேர் யார்?

வேலூர் லாங் பஜாருக்குப் போகிறவர்கள் அங்கிருக்கும் மணிக்கூண்டைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஆனால் அதிலுள்ள கல்வெட்டைப் படித்தவர்கள் எத்தனை பேர்? இந்த ஊரிலிருந்து 1914-19 பெரும்போருக்கு 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரிழந்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான்... ஒரு பெயர்கூட இல்லை! காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், லெட்ஜர் இல்லாமல் மொத்தத்தை மட்டும் எழுதி வைத்த கணக்கு.

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். "கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தாராம்" என்ற அளவில் பல வீடுகளில் கதை நின்றுவிடும். எந்தப் படை, எந்த நாடு என்று கேட்டால் பதில் வராது.

தேட நினைப்பவர்களுக்கு முதல் வாசல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். காசு கிடையாது. இறந்த சிப்பாயின் எண், பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி இருக்கும். சிலருக்கு அப்பா பெயரும் ஊர் பெயரும்கூட இருக்கும். ஆனால் இங்கேதான் சிக்கல். வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டே நாலு தலைமுறை பின்னால் போய்விடலாம். நம்மூரில் அப்பா பெயர் வெறும் இனிஷியல், அதுவும் அடுத்த தலைமுறையில் மாறிவிடும். முனுசாமி என்ற பெயரை பட்டாள குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக அடித்துப் பார்க்க வேண்டும். மாவட்டமும் அப்படியே. ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம், அதற்கு முன் வேலூர் மாவட்டம். போர்க்காலத்தில் எல்லாமே வட ஆற்காடு. அந்தப் பெயரில் தேடினால்தான் ஏதாவது சிக்கும்.

இன்னொரு விஷயம் கேட்டால் கோபம் வரும். முதல் உலகப்போரில் இந்தியப் படை அதிகமாகப் போன இடம் மெசபடோமியா, இன்றைய ஈராக். அங்கே பாஸ்ராவில் 1929-ல் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள், இந்திய அதிகாரிக்கும் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயரும், இத்தனை பேர் என்ற எண்ணும்தான்! லாங் பஜார் கல்வெட்டின் கதையேதான் அங்கும். இப்படி நடந்ததை அந்த ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ சொல்லாமலோ நினைவுகூரப்படாமலே போயிருக்கலாம் என்கிறது அது. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும்.

பஞ்சாபிகள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். ஊர் ஊராகப் போருக்குப் போனவர்களை எழுதிய பழைய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. சுமார் 3,20,000 பேரின் விவரம். 2021 முதல் அவற்றை இணையத்தில் ஏற்றி வருகிறார்கள்.

சரி, தாத்தா சிப்பாய் இல்லை, டேனரியில் வேலை பார்த்தார் என்றால்? அவரும் போருக்கு உழைத்தவர்தான். சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல் அந்தப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுக்குப் போனது. ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்களை எந்தப் போர்க் கல்லறைப் பட்டியலிலும் தேட முடியாது.

உயிரோடு திரும்பிய 263 பேர் விஷயமும் அப்படித்தான். அந்தப் பட்டியல் இறந்தவர்களுக்கு மட்டும். இவர்களுக்கு மிஞ்சியது பென்ஷன் காகிதம், பிறகு பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருக்கும் வெள்ளிப் பதக்கத்தை வீட்டில் யாராவது பார்த்திருந்தால், அதன் விளிம்பைத் திருப்பிப் பார்க்கலாம். சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கே பொடி எழுத்தில் இருக்கும். பல வீடுகளுக்கு அதுவே ஒரே ஆவணம். ஆனால் வெள்ளி ஆயிற்றே... கல்யாணச் செலவுக்கு உருக்கிவிட்டால் அந்த எண்ணும் சேர்ந்தே போய்விடும்.