உப்புப் பாத்தியில் ஓர் இரசாயனப் பாடம்

உயர்தர இரசாயனவியலில் அயன் சமநிலை என்றதும் பலருக்கும் ஒரு தயக்கம் வருகிறது. ஆனால் வீழ்படிவை எதிர்வுகூறும் விதி எளிமையானது. கரைசலிலுள்ள அயன்களின் செறிவுகளை உரிய அடுக்குகளுடன் பெருக்கினால் அயன் பெருக்கம் கிடைக்கும். அது கரைதிறன் பெருக்கத்தை விடக் கூடினால் வீழ்படிவு தோன்றும், குறைந்தால் தோன்றாது.

புத்தளத்தில் வாழும் எனக்கு இந்த விதி நடப்பதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. என் வாப்பா உப்பளத் தொழிலாளி. களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிடுவார்கள். முதலில் சிறிதளவு கல்சியம் காபனேற்று படியும். அடுத்தது ஜிப்சம், அதாவது நீரேறிய கல்சியம் சல்பேற்று. அதன் பின்னரே உப்பு. "முன் பாத்தியில ஜிப்சம் இறங்கினாத்தான் பின் பாத்தியில சுத்தமான உப்பு விளையும், மகள்" என்பார் வாப்பா. குறைவாகக் கரைவது முந்திப் படியும் என்று எங்கள் பாடம் சொல்வதும் இதைத்தான்.

இதைக் கணித்துப் பார்க்க விரும்பினேன். சாதாரண கடல் நீரில் கன டெசிமீற்றர் ஒன்றில் கல்சியம் அயன் ஏறத்தாழ 0.010 மூலும், சல்பேற்று அயன் 0.028 மூலும் உள்ளன. பெருக்கினால் 2.8 × 10⁻⁴. ஜிப்சத்தின் கரைதிறன் பெருக்கமோ 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 3 × 10⁻⁵. அயன் பெருக்கம் ஒன்பது மடங்கு கூட! அப்படியானால் கடலிலேயே ஜிப்சம் படிய வேண்டுமே? ஆனால் கடல் நீர் ஏறத்தாழ நான்கிலொரு பங்காக வற்றிய பின்னர்தான் ஜிப்சம் படியத் தொடங்குகிறது. கணக்கிலும் பிழையில்லை, கடலிலும் பிழையில்லை.

விடையை எங்கள் ஆசிரியை விளக்கினார். செறிவை அப்படியே பெருக்கும் முறை ஐதான கரைசல்களுக்கே சரியாகப் பொருந்தும். கடல் நீரில் சோடியம், குளோரைட்டு அயன்கள் நிறைந்து கல்சியத்தையும் சல்பேற்றையும் சூழ்ந்து நிற்கின்றன. மகனீசியம் அயன்கள் சல்பேற்றில் ஒரு பகுதியைத் தம்மோடு சோடி சேர்த்துக்கொள்கின்றன. எனவே வீழ்படிவாகச் சேரத் தயாராக இருக்கும் அயன்கள், நாம் அளக்கும் செறிவை விடக் குறைவு. விதி பொய்க்கவில்லை; அது எந்த எல்லைக்குள் செல்லும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நன்கு கரையும் உப்புக்குப் பரீட்சையில் கரைதிறன் பெருக்கம் கேட்பதில்லை. ஆனாலும் கொள்கை ஒன்றே. நீர் ஏறத்தாழ பத்திலொரு பங்காக வற்றும்போது உப்பு விளைகிறது. விளைந்த பாத்தியில் காலந்தவறிய மழை பெய்தால் செறிவு குறைந்து உப்பு மீண்டும் கரைந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அது சமன்பாடு அல்ல, அந்தக் கிழமையின் சம்பளம். 2025 இல் மழையால் உப்பு விளைச்சல் குறைந்து, கடல் சூழ்ந்த நமது நாடு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்ததை எல்லோரும் அறிவோம்.

உப்பு எடுத்த பின் எஞ்சும் கசப்பு நீரில் மகனீசியம் நிறைய உண்டு. மகனீசியம் ஐதரொட்சைட்டின் கரைதிறன் பெருக்கம் 10⁻¹¹ அளவில் மிகச் சிறியது. ஆகவே நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் அது இலகுவாக வீழ்படிவாகும். கடல் நீரிலிருந்து மகனீசியத்தைப் பெறும் தொழிற்சாலைகள் இம்முறையையே கையாண்டுள்ளன. வயிற்று எரிவுக்கு நாம் குடிக்கும் வெண்ணிற மருந்திலும் இருப்பது இதே சேர்வைதான்.

"படிச்சா நீ இந்த வெயிலுக்கு வரத் தேவையில்லை" என்று வாப்பா சொல்வதுண்டு. அவரது ஆசை எனக்குப் புரிகிறது. ஆயினும் இன்ஷா அல்லாஹ், படித்து முடித்து அந்தக் கசப்பு நீரைத் தேடித்தான் நான் வருவேன். மழை கெடுத்த மாதத்திலும் உப்பளத்து வீடுகளில் அடுப்பெரிய அதில் ஒரு வழி இருக்கலாம்.