திறக்கக்கூடிய இறுக்கம்

தம்பானூரில் தங்கி ஆய்வுசெய்வோருக்கு மழையும் ஒரு தரவுச் சிக்கல்தான். ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு நிறைந்தால் சாலையில் நீர் ஏறிவிடும். இத்தேக்கத்தைக் களையவே 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ தொடங்கப்பட்டது. களப்பணிக்கான ஒலிப்பதிவுச் சுற்றுப்பலகையையும் மின்கலத்தையும் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு தட்டையான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதன் சுவரும் மூடியும் 2 மில்லிமீட்டர் தடிமனே. உள்ளே சேர்வது முதியவர்களின் பேச்சு. மறுமுறை கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாதது. ஆகவே மூடியை எதனால் பிணைப்பது என்பது மொழியியலுக்கு அயலான கேள்வி அன்று.

வழிகள் மூன்று: பசை, கொக்கி, திருகாணி. 2016இல் வந்த ஐபோன் 7 பசையை நம்பியது. 2014இல் வந்த கேலக்ஸி எஸ்5, ரப்பர் விளிம்பும் கொக்கிகளும் கொண்ட, கையால் கழற்றக்கூடிய முதுகு மூடியை நம்பியது. இரண்டும் ஐபி67 தரம் பெற்றவை. அதாவது, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். பசை நீரைத் தடுக்கிறது, உடையவரையும் தடுக்கிறது. கொக்கியோ அடிக்கடி திறக்கும்போது தளர்கிறது. நினைவட்டைக்காக நாள்தோறும் திறக்கவேண்டிய பெட்டிக்குத் திருகாணியே பொருத்தம்.

ஆனால் நீரைத் தடுப்பது திருகாணி அன்று. மூடிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையமே. அதனை எங்கும் சமமாக அழுத்துவதே திருகாணியின் பணி. மெல்லிய மூடி, இரு திருகாணிகளுக்கு நடுவே வில்போல் வளையும். அவ்விடத்தில் நீர் நுழையும். எனவே 3 மில்லிமீட்டர் திருகாணி நான்கைவிட 2 மில்லிமீட்டர் திருகாணி ஆறு நல்லது. அவை வளையத்துக்கு வெளியே அமைய வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். கூம்புத் தலை மெல்லிய பிளாஸ்டிக்கை ஆப்புபோல் பிளக்கும். அடிப்பரப்பு தட்டையான தலை வேண்டும். பிளாஸ்டிக்கில் நேரடியாக முடுக்கினால் மரை விரைவில் தேயும். பித்தளைச் செருகு அதைத் தவிர்க்கும். கடற்காற்று வீசும் ஊரில் 304 எஃகைவிட, மாலிப்டினம் கலந்த 316 எஃகு துருவை நன்கு எதிர்க்கும்.

இன்னொரு பகை வெப்பம். வெயிலில் 45 பாகை செல்சியஸில் மூடிய பெட்டி மழையில் 25 பாகைக்குக் குளிர்ந்தால், உள்ளழுத்தம் ஏறக்குறைய 6 விழுக்காடு குறையும். அது 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கியதற்கு நிகர். பெட்டி தானே நீரை உறிஞ்சப் பார்க்கும்.

திருகாணியை மலையாளத்தில் ‘பிரியாணி’ என்பர்; ‘பிரி’ என்றால் மரை. தமிழில் எழுதினால் அது உணவாகிவிடும். ‘மரை கழன்றவன்’ என்று தமிழும் ‘பிரி’ போனவன் என்று மலையாளமும் தளர்வையே பழிக்கின்றன. மெல்லிய மூடிக்கோ மிகை இறுக்கமும் அதே அளவு தீங்கு. ரப்பர் நசுங்கிப் பிதுங்கும், மூடி விரியும். எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்குவதே முறை.

ஆவணக்காப்பகங்களுக்கும் இது பொருந்தும். காப்பதற்காகப் பூட்டப்பட்டு, பின்னர் யாராலும் திறக்க இயலாத தரவு, நனைந்த தரவிலிருந்து எவ்வளவு வேறுபட்டது? களக்கருவி வாங்கும் இளம் ஆய்வாளர்கள், ஒலிவாங்கியின் தரத்தோடு மூடியின் திருகாணிகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.